கார்த்திகைப் பெண்கள் ஆறா, ஆயிரமா?

கேள்வி: கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் என்பார் பாட்டி. ஆயிரத்துக்கு மேல் என்கிறான் பேரன். காவலூர் போய்ப் பெரிய தொலைநோக்கியில் எண்ணிவிடலாமா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: பாட்டி கண்ணால் எண்ணினார், பேரன் புத்தகத்தில் எண்ணினான், இருவரும் பாஸ். ஒரே வாயு மேகத்தில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த உடன்பிறப்பு விண்மீன்கள்தான் கார்த்திகைப் பெண்கள். 460 கோடி வயதான நம் சூரியனுக்குப் பேத்தி முறை! இந்தக் கூட்டுக்குடும்பமும் ஒருநாள் பிரியும்; பாகப்பிரிவினைக்கு இன்னும் 25 கோடி ஆண்டு இருக்கிறது. தூரம் சுமார் 440 ஒளியாண்டு. அதாவது, அக்பர் காலத்தில் கிளம்பிய வெளிச்சம்தான் இன்று உங்கள் மொட்டைமாடிக்கு வந்து சேர்கிறது.

ஜவ்வாது மலையில், காவலூரில், 1986இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது. பெரிய தொலைநோக்கி வானத்தில் சின்னத் துண்டைத்தான் காட்டும். கார்த்திகையோ நிலவைப்போல் இரண்டு மடங்கு அகலம். ஒருத்தி தெரிந்தால் மற்றவர்கள் சட்டத்துக்கு வெளியே! சாதாரண பைனாகுலர் போதும். கார்த்திகை மாதம், இரவு பதினோரு மணி வாக்கில், பைபாஸ் விளக்குகளை விட்டு ஆலங்காயம் பக்கம் ஒதுங்கி அண்ணாந்து பாருங்கள். தீபத்தன்று மட்டும் வேண்டாம். முழுநிலா பக்கத்திலேயே வந்து நின்று பாதிப் பேரை மறைத்துவிடும்.