கொசுறியல்: தில்லித் தள்ளுவண்டிகளை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

ஒரு பிடி கொத்தமல்லியை இலவசமாகப் பெற மனிதர்கள் எவ்வளவு செலவழிக்கத் தயார் என்பதே இவ்வாய்வின் பொருள். களம்: ஆர்.கே.புரம், மலை மந்திரைச் சுற்றியுள்ள குடியிருப்புகள். ஆய்வுக்கருவி: துணிப்பை.

கசாப்புக்காரரும் ரொட்டிக்காரரும் நம்மேல் உள்ள பாசத்தால் நமக்குச் சோறு போடவில்லை, தங்கள் ஆதாயத்துக்காகவே போடுகிறார்கள் என்றார் ஆடம் ஸ்மித், 1776-இல். காய்கறிக்காரரை அவர் விட்டுவிட்டது தற்செயல் அல்ல என்பது என் துணிபு.

"பையா, தனியா-மிர்ச்சி?" தில்லி வந்த தமிழ் மாமிகள் பிழையின்றிப் பேசும் முதல் இந்தி இதுதான். பணம் கைமாறிய பிறகே இதைக் கேட்க வேண்டும். வண்டிக்காரரும் கேட்கும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு நாலு மிளகாயையும் தழையையும் பையின் மேலாகச் செருகுவார். அடியில் போட்டால் செல்லாது. எதிர்வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாமா?

எல்லாம் காசுக்குத்தான் என்பாருக்கு மறுப்பு வருமாறு. எதிர்ச்சாரியிலேயே மதர் டெய்ரியின் சஃபல் கடை இருக்கிறது. 1988-இல் தில்லியில் தொடங்கிய ஏற்பாடு. விலை எழுதிப் போட்டிருக்கும், நாமே பொறுக்கிக்கொள்ளலாம், சில நாள் தக்காளி மலிவும்கூட. நான் விசாரித்த மாமி ஒருவர் அங்கே போவதில்லை. ஏன் என்றதற்கு, "அங்க என்னை யாருக்குத் தெரியும்? இவன்னா, போன வாரம் ஏன் வரலேன்னு கேப்பான்" என்றார்.

பொருளால் வரும் பயன் வேறு, பேரம் படிந்ததால் வரும் பயன் வேறு என்று ரிச்சர்ட் தேலர் 1985-இல் பிரித்துக் காட்டினார். 2017-இல் நோபலும் பெற்றார். விசாரிப்பால் வரும் பயன் அவர் கணக்கில் இல்லை. சிகாகோ பேராசிரியர் தள்ளுவண்டிக்கு எங்கே போவார்!

2024 மே மாதம், பிளிங்கிட் மளிகைச் செயலியில் தன் அம்மாவிடம் கொத்தமல்லிக்கும் காசு கேட்கிறார்கள் என்று மும்பைக்காரர் ஒருவர் எக்ஸ் தளத்தில் புலம்ப, அதன் தலைவர் அல்பிந்தர் திண்ட்சா குறிப்பிட்ட அளவு காய் வாங்குவோருக்கு அதை இலவசமாக்கினார். கேட்காமல், அந்த அளவு வாங்கும் எல்லாருக்கும் கிடைப்பது கொசுறாகுமா? மாமி அதைத் தள்ளுபடி என்கிறார்.

மழைக்காலத்தில் கொத்தமல்லி விலை ஏறும்போது வண்டிக்காரர் கொசுறைச் சுருக்குவாரே தவிர நிறுத்தமாட்டார். இரண்டே காம்பு, ரசத்துக்குக்கூடக் காணாது. மாமி அதையும் வாங்கிப் பையின் மேலாகவே செருகிக்கொள்கிறார்.

சென்னையில் சும்மா கிடைக்கும் கறிவேப்பிலைக்கு இங்கே ஏன் காசு என்பது தனி ஆய்வுக்குரியது. பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் யூ.ஜி.சி.யிடம் நிதி கேட்க உத்தேசம். தொகை கைக்கு வந்த பிறகு, மேலே கொஞ்சம் போடச் சொல்லியும் கேட்பேன்.