மேலிடத்துக் கருணை

பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் வேலை பார்க்கும் எங்களைப்போல் கொடுத்துவைத்தவர்கள் யார்? மனசு சரியில்லை என்பது எங்களுக்கே உறைப்பதற்கு முன் மேலிடத்துக்குத் தெரிந்து, அதற்கான மின்னஞ்சலும் வந்து சேர்ந்துவிடுகிறது.

அக்டோபர் 10 உலக மனநல நாள். 1992 முதல் உலகம் அதைக் கடைப்பிடிக்கிறது. எங்கள் நிறுவனம் கொண்டாடுகிறது. பொங்கலுக்குக்கூட இவ்வளவு தடபுடல் கிடையாது. பொங்கலென்றால், கிளையன்டுக்கு அன்று வேலைநாள் என்கிற ஞாபகம் வந்து தொலைக்கும். மனநல நாளில் அந்தத் தொல்லை இல்லை. அன்று யாருக்கும் லீவு கிடையாது.

இந்த வருட வெபினாரை மதியம் ஒன்றரைக்கு வைத்தார்கள். சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வைத்த நுணுக்கத்தை மெச்ச வேண்டும். வேலையும் கெடவில்லை, மனசும் கெடவில்லை; டிபன் பாக்ஸில் இருந்த சாம்பார் சாதம்தான் கெட்டது. விருப்பமுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம், வராதவர்களின் பட்டியல் மேனேஜருக்குப் போகும். "கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனியுங்கள்" என்றார் பேச வந்த அம்மையார். நாங்கள் மைக்கையும் கேமராவையும் அணைத்துவிட்டு, நிலுவையில் கிடந்த டிக்கெட்டுகளைக் கவனித்தோம். "இப்போது எப்படி இருக்கிறது, ஒரே சொல்லில் சாட்டில் போடுங்கள்" என்றார். முதலில் போட்டவர் டெலிவரி ஹெட். 'அருமை' என்று போட்டார். அதற்கப்புறம் அந்தத் தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அருமையாகவே இருந்தது.

மாலையில் டவுன் ஹால். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது, அதனால் ஒரு லட்சம் கோடி டாலர் நஷ்டம் என்கிற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைத் தலைவர் எடுத்துச் சொன்னார். டாலர் என்கிற இடத்தில் குரல் தழுதழுத்தது. எவ்வளவு இளகிய மனசு! அதே உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், தொழிலாளியை மட்டும் திருத்தினால் போதாது, வேலை நடக்கும் விதத்தையும் மாற்றுங்கள், மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்றெல்லாம் சொல்கின்றன. அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டி எங்களை அவர் குழப்பவில்லை. பயிற்சியே தேவைப்படாத மேலாளர்கள் வாய்க்க நாங்கள் என்ன புண்ணியம் செய்தோமோ.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங், 233 பிரிட்டன் நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேரின் தரவுகளை அலசி 2024-இல் ஒரு கட்டுரை எழுதினார். தியானப் பயிற்சி, மனஉறுதிப் பயிற்சி, செயலி இவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாக அவருக்குத் தெரியவில்லை. தொண்டுப்பணி மட்டும் கொஞ்சம் பலன் தருவதாகத் தெரிந்தது. எங்கள் ஹெச்.ஆர். அதிலும் முந்திக்கொண்டது: சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் குப்பை பொறுக்கும் பாக்கியத்தை எங்களுக்கு எப்போதோ அருளிவிட்டது.

மூன்றாம் மாடியில் 'அமைதி அறை' இருக்கிறது. பீன் பேக், மூங்கில் செடி, லாவண்டர் மணம். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்ந்த ஔவை இங்கே வந்திருந்தால் இன்னும் ஒரு பாட்டு பாடியிருப்பாள். பீன் பேக்கின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் எங்கே போனால் கொஞ்சம் நிம்மதியாக உட்காருவோம் என்று கணித்த அந்தப் புத்திக்குத் தனியாக ஒரு விருதே தரலாம்.

என் மேனேஜரின் அக்கறையைச் சொல்லி மாளாது. இரவு பதினொன்றரைக்கு மெசேஜ் வரும்: "தூங்கிட்டியாப்பா?" பெற்ற தாய்கூட அந்த நேரத்தில் விசாரிப்பதில்லை. இல்லை சார் என்றால், "அப்ப ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பிப்பார். சென்ற மார்ச்சில் எங்கள் டீமிலிருந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். அந்த இடங்களுக்கு ஆள் எடுத்து எங்களை அவமானப்படுத்தவில்லை. இவர்களால் முடியும் என்று எங்கள்மேல் நம்பிக்கை வைத்தார். பக்கத்து சீட் நண்பர், டாக்டர் சொன்னாரென்று மூன்று வாரம் லீவு கேட்டபோது மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அப்ரைசலில், "இப்ப இருக்கிற நிலைமையில உன் தலையில பாரம் ஏத்த வேண்டாம்னு பார்த்தேன் தம்பி" என்று பதவி உயர்வை ஒரு வருடம் தள்ளியும் வைத்தார். அதற்கப்புறம் எங்கள் டீமில் யாருக்கும் மனநலக் குறைவு வந்ததில்லை.

பெரியவர்களின் வழிகாட்டலும் நமக்குக் குறைவில்லை. 2023-இல் நாராயண மூர்த்தி இளைஞர்களுக்கு வாரம் 70 மணி நேர உழைப்பை எடுத்துச் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவரின் பேச்சு வெளிவந்தது. 90 மணி நேரம் வேலை பார்க்கலாம், வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது என்றார். ஊழியர்களின் இல்லற நலத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த முதலாளியை நான் கேள்விப்பட்டதில்லை.

குறை சொல்ல வேண்டுமென்றால் ஒரே ஒருவரைத்தான் சொல்ல வேண்டும். நான்காம் மாடியில் ஒரு ப்ராஜெக்ட் லீட் இருந்தார். தலைமைப் பண்பு துளியும் கிடையாது. இந்தத் தேதிக்குள் முடியாது, இன்னும் இரண்டு ஆள் வேண்டும் என்று கிளையன்ட் எதிரிலேயே சொல்லிவிடுவார். ஆறரைக்கு லேப்டாப்பை மூடிக்கொண்டு முதல் ஆளாக அவரே எழுந்து போவார். அந்தத் துணிச்சலில் மற்றவர்களும் கிளம்பிவிடுவார்கள். இரவில் எதுவும் அனுப்ப மாட்டார். "இன்னைக்கு எனக்கே முடியலைம்மா, நாளைக்குப் பேசலாமா?" என்று டீமில் சின்னப் பெண்ணிடம் கூச்சமில்லாமல் சொன்னதை நானே கேட்டேன். டீமில் ஒருவர் நீண்ட லீவில் போய்த் திரும்பினால், அதே வேலையும் அதே ரேட்டிங்கும் காத்திருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு வெபினார் நடத்தியதில்லை. மனநல முயற்சி என்று லிங்க்ட்இன்னில் போட அவரிடம் ஒரு போட்டோகூட இல்லை. இந்த வருட 'நலத் தூதர்' விருது என் மேனேஜருக்குப் போனது நியாயந்தானே.

விருதுக்கு முன்பு ஒரு கருத்துக்கணிப்பும் நடந்தது. பெயர் எழுத வேண்டாம், முழு ரகசியம், அவரவர் ஊழியர் எண்ணைப் போட்டு உள்ளே போனால் போதும். 'உங்கள் மேலாளர் உங்கள் மனநலத்தில் அக்கறை காட்டுகிறாரா?' என்ற கேள்விக்கு எங்கள் டீமில் யாரோ ஒருவர் ஐந்துக்கு நான்கு போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்கு எங்களை உட்காரவைத்து, அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது, யாருக்கு என்ன மனக்குறை, பயப்படாமல் சொல்லுங்கள் என்று ஒன்பதரை வரை அன்பாக விசாரித்தார்கள். இப்போது ஐந்துக்கு ஐந்து.