எடை போடும் விங் கமாண்டர்

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் பட்டாளத்துக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. நாயக், ஹவில்தார், சுபேதார் என்று வருஷா வருஷம் ஊர் வந்து சேருவார்கள். சேர்ந்த மறுமாதமே ஒருவர் வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் கரும்பு போட்டிருப்பார். மூன்றாமவர் வார்டு தேர்தலுக்கு நோட்டீஸ் அடித்திருப்பார். இனி என்ன செய்வது என்று இவர்களில் யாரும் தூக்கம் கெட்டதாகத் தகவல் இல்லை.

தூக்கம் கெட்டவர் ஒருவர் உண்டு. விமானப்படையில் சரக்கு விமானம் ஓட்டியவர். வாசல் பலகையில் ‘விங் கமாண்டர் (ஓய்வு)’. ஊர் வாயில் ‘பைலட் சார்’. ஆள் அபூர்வம்தான், ஆனால் ஒருவரைப் பார்த்துவிட்டால் எல்லோரையும் பார்த்த மாதிரி.

இவருடைய முதல் துன்பம் மீசை. 2019இல் விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டு, மார்ச் 1ஆம் தேதி திரும்பி வந்தாரே, அன்றைக்கே ஊர் முடிவுகட்டிவிட்டது: விங் கமாண்டர் என்றால் சண்டை விமானம், கூடவே அந்த மீசை. நம்மவரோ மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு வந்து நிற்கிறார்.

“சார், நீங்க எத்தினி பிளேன சுட்டீங்க?”

“சுடலப்பா. நான் ஆன்டனோவ் ஓட்டினேன். லே, மெச்சுகா பக்கம் கோதுமை மாவு, மண்ணெண்ணெய், உருளைக்கிழங்கு எல்லாம் கொண்டுபோய்ப் போடுவோம்.”

கேட்டவர் ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு, “அதனால என்னா சார், எதுவும் தொழில்தானே” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

உண்மையில் அது லேசுப்பட்ட தொழில் இல்லை. 1984இல் நம் விமானப்படைக்கு வந்த ஆன்டனோவ்-32, ஆறரை டன்னுக்குச் சற்று மேல் சுமக்கும். ஆனால் லே விமானத்தளம் 10,000 அடிக்கும் மேலே இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் என்ஜினுக்கும் இறக்கைக்கும் பலம் குறையும். எவ்வளவு ஏற்றலாம், எதை முன்னால் வைக்கலாம், எதைப் பின்னால் தள்ளலாம் என்று ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு உண்டு. கணக்கு பிசகினால் மூட்டை மட்டும் போகாது. அருணாசலத்தில் சில பள்ளத்தாக்குகளில் நுழைந்துவிட்டால் திரும்பக்கூட இடம் இருக்காது. அங்கேயெல்லாம் நொடியில் முடிவெடுத்தவர் இவர்.

அந்தப் பழக்கம் கண்ணில் தங்கிவிட்டது. எதைப் பார்த்தாலும் எடை போடுவார். கோடையில் திண்டிவனம் நெடுஞ்சாலை ஓரம் குவித்து வைத்திருக்கும் தர்பூசணியில் ஒன்றைக் கையில் எடுத்து, “ஆறு கிலோ இருநூறு கிராம்” என்பார். தராசு ஏழு காட்டும். “தராசுக்கு சர்வீஸ் பண்ணுங்க” என்பார். அந்தக் கடையில் அப்புறம் அவருக்கு நல்ல பழம் கிடைக்காது. மயிலம் கோயிலில் கல்யாணம், இன்னோவாவில் ஏழு பேர் போகவேண்டும் என்றால் வண்டிக்கு முன்னால் அவர் நிற்பார். “பெரியத்தை, நீங்க நடு சீட்டுக்கு வாங்க. நீங்க பின்னாடி உட்கார்ந்தா சென்டர் ஆஃப் கிராவிட்டி பின்னாடி போயிடும்.” அவர் சொன்னது இயற்பியல். பெரியத்தைக்கு விளங்கியது வேறு. அந்தக் குடும்பத்தோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

இப்படி உலகத்தையே எடை போடுகிறவருக்கு, அடுத்த வேலையை மட்டும் எடை போட்டு முடிக்க முடியவில்லை. இருபது வருஷம் முடித்தால் பென்ஷன். சிவில் விமானத்தை 65 வயதுவரை ஓட்டலாம். இடையில் கிடக்கும் வருஷங்களை என்ன செய்வது? பயணிகள் விமானம் அவருக்கு ஆகாது. “வணக்கம், உங்கள் கேப்டன் பேசுகிறேன்” என்று மைக்கில் குழைய வேண்டும். தாமதமானால் திட்டு வாங்க வேண்டும். சரக்கு அப்படி இல்லை. ஏசி போதவில்லை என்று பெட்டி சொல்லாது. இறங்கும்போது மூட்டை கை தட்டாது. குலுக்கி இறக்கினாலும் ட்விட்டரில் எழுதாது. “வாழ்நாள் முழுக்க எனக்கு வாய்த்த பாசஞ்சர்களிலேயே நல்லவர்கள் உருளைக்கிழங்குகள்தான்” என்பார்.

சரக்கு விமானத்தில் வாய்ப்புக்கும் குறைவில்லை. சென்னையை மையமாக வைத்து ப்ளூ டார்ட் ஏவியேஷன் 1996 முதல் ராத்திரிகளில் பறக்கிறது. இண்டிகோ 2022இல் 27 டன் சுமக்கும் ஏர்பஸ் சரக்கு விமானத்தை இறக்கியது. அமேசானுக்காக 2023இல் குவிக்ஜெட் போயிங் ஓட்டத் தொடங்கியது. ஆனால் இதெல்லாம் நேர அட்டவணைக்குள் அடங்கிய வேலை. பைலட் சாரின் மனசு போய் ஒட்டிக்கொண்டது அட்டவணையே இல்லாத ரகத்தில். அமெரிக்காவில் ஒரு கார் தொழிற்சாலையில் ஏதோ ஒரு பாகம் தீர்ந்து வேலை நிற்கப்போகிறது என்றால், நடுராத்திரி பைலட்டுக்கு போன் வரும். தயாராக இருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, நாலு பெட்டிக்காக ஒரு ஜெட்டையே கிளப்பிக்கொண்டு போகவேண்டும். கூப்பிட்டால் பறப்பது, கூப்பிடாவிட்டால் படுத்திருப்பது. இங்கேயும் அட்டவணையில்லாத விமானங்களுக்கென்று தனி பர்மிட் இருக்கிறது.

எக்செல் தாள் ஒன்று உருவானது. 14 கட்டங்கள். சம்பளம், விமானம், ராத்திரி வேலை, பிள்ளைகளின் படிப்பு, முதுகுவலி என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். ‘பாதகம்’ என்ற கட்டம் மனைவியின் பொறுப்பு.

“ஏங்க, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா இங்கேருந்து எப்படிப் போவீங்க?”

நியாயமான கேள்வி. திண்டிவனத்திலிருந்து மீனம்பாக்கம் நூறு கிலோமீட்டருக்கு மேல். பொங்கல் முடிந்து ஊரே சென்னை திரும்பும் ராத்திரி என்றால் ஆத்தூர், பரனூர் இரண்டு டோல்கேட்டையும் தாண்டுவதற்குள் லே போய்த் திரும்பிவிடலாம்.

“தூங்க நேரமாவது ஒழுங்கா குடுப்பாங்களா?”

இங்கே பைலட் சாருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 2014இல் விமானிகளின் ஓய்வு நேரத்துக்குப் புது விதிகளை அமல்படுத்தியபோது, சரக்கு விமானிகளை மட்டும் அதற்கு வெளியே விட்டுவிட்டார்கள் என்றார்.

“ஆளுக்குத்தான் தூக்கம், மூட்டைக்கு எதுக்குன்னு நெனச்சிருப்பாங்க” என்று மனைவி குறித்துக்கொண்டார். பெரிய கம்பெனியில் கேப்டனாகச் சேர்ந்து பிறகு பிடிக்கவில்லை என்றால் ஒரு வருஷம் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்ற 2017ஆம் வருஷத்து விதியும் அதே கட்டத்தில் ஏறியது.

தாய்க்கு வேறு கவலை. “ஏம்ப்பா, இத்தினி வருசம் மூட்ட தூக்கினது போதாதா? மறுபடியும் மூட்டையா? நல்லதா நாலு மனுசங்கள ஏத்திக்கினு போவக் கூடாதா?”

அதற்குப் பதிலாக அவர் சரித்திரம் சொல்வார். 1945இல் அமெரிக்காவில் ராபர்ட் பிரெஸ்காட், சீனாவில் ஜப்பானோடு சண்டை போட்டுவிட்டு வந்த விமானிகளைச் சேர்த்து ஒரு சரக்கு விமான கம்பெனி தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஃப்ளையிங் டைகர். இங்கே பிஜு பட்நாயக், அவரும் போர்க்காலத்தில் விமானப்படை பைலட், கலிங்கா ஏர்லைன்ஸ் நடத்தினார்; அதன் டகோட்டாக்கள் வடகிழக்கு எல்லையில் மூட்டை மூட்டையாக உணவு போட்டன. “அப்புறம் அவர் ஒடிசாவுக்கு முதலமைச்சரே ஆனார்மா” என்று முடிப்பார். அம்மா காதில் விழுவது கடைசி வரி மட்டும். “அப்ப எலெக்சன்ல நில்லு.”

இந்தச் சரித்திரம் தலைக்கு ஏறிய வேகத்தில் ஒருநாள் உளுந்தூர்பேட்டைக்குப் போய், இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளத்தைக் காலால் அளந்துவிட்டு வந்தார். பண்ருட்டி பலாப்பழத்தை அங்கிருந்து சிறு விமானத்தில் ஏற்றினால் என்ன? மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் மாமா பொறுமையாகக் கேட்டார். “மாப்ள, லாரி நைட்டு ஏத்தினா விடியறதுக்குள்ள கோயம்பேடு. உன் பிளேனு கிலோவுக்கு இன்னா வாடகை ஆவும்?” பைலட் சார் சொன்னார். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அதுக்குப் பழத்த பணத்துல சுத்தி அனுப்பலாம்.”

இதற்கிடையே சிவில் லைசென்ஸ் பரீட்சை. லே மேகத்துக்குள் புகுந்து வந்தவர், டீன் ஏஜ் தாண்டாத பையன்களோடு உட்கார்ந்து ‘மேகம் எத்தனை வகைப்படும்’ என்று எழுதினார். பாஸும் ஆனார். ஆனால் போயிங் ஓட்டத் தனிப் பயிற்சி, அதற்குப் பல லட்சம். தாளில் இன்னொரு கட்டம் சிவப்பானது.

கடைசியில் தெளிவு பிறந்தது மேம்பாலத்துக்குக் கீழே. பழைய பீரோவை விழுப்புரம் கொண்டுபோக குட்டி யானை பேசப் போனவர், காத்திருந்த நேரத்தில் டிரைவரிடம் தன் திட்டத்தை விவரித்தார். அட்டவணை கிடையாது, கூப்பிட்டால் போகவேண்டும், எந்த ஊர் என்று முன்கூட்டித் தெரியாது. டிரைவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

“புரியுது சார். நம்ம தொழில்தான். வெயிட்டிங் சார்ஜ் உண்டா?”

பைலட் சார் யோசித்தார்.

“ரிட்டன் லோடு கெடைக்குமா, இல்ல காலி வண்டியா திரும்பணுமா? நைட்டு பேட்டா யாரு குடுப்பா?”

14 கட்டத்திலும் இந்த மூன்றும் இல்லை. போன் வராத நாளில் சம்பளம் எவ்வளவு? கொண்டுபோய்விட்ட ஊரில் எத்தனை நாள் கிடக்க வேண்டும்? அந்தச் செலவு யாருடையது? இருபது வருஷம் சாப்பாடு, குவார்ட்டர்ஸ், போஸ்டிங் ஆர்டர் எல்லாமே அரசாங்கம் பார்த்துக்கொண்டதில், இப்படிக் கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை. இத்தனை நாள் எடை போட்டதும் முடிவெடுக்கத் தெரியாததால் அல்ல. ‘உனக்கு எது வேண்டும்’ என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. அதை லேசில் விட மனசில்லை.

அதற்குள் ஊர் அவருக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டது. “மாப்ள, தாம்பரம் மிலிட்டரி கேன்டீன் போறியா? ஒரு மிக்சி.” “அண்ணா, ஹார்லிக்ஸ் ரெண்டு, அப்புறம்... அந்தப் பாட்டிலும்.” நேரம் காலம் கிடையாது, அட்டவணை கிடையாது. போன் வந்த பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும். வெயிட்டிங் சார்ஜ் இல்லை, பேட்டா இல்லை. ரிட்டன் லோடு மட்டும் எப்போதும் ஃபுல்.

இந்த ரகத்தில் பலர் ஒருநாள் எங்காவது சேர்ந்துவிடுவார்கள். சேர்ந்த பிறகு, புதிதாக ஓய்வு பெறப்போகும் ஜூனியர் ஒருவர் போனில் ஆலோசனை கேட்பார். “அவசரப்படாதே. எல்லாத்தையும் எடை போட்டுப் பாரு. என் எக்செல் தாளை அனுப்புறேன்” என்பார் நம்மவர். தாளில் இப்போது 17 கட்டங்கள். கடைசி மூன்றும்தான் முக்கியம் என்று அடிக்கோடு போட்டிருக்கும். “பிரமாதம் சார், எந்த கன்சல்டன்ட் சொன்னாங்க?” என்று ஜூனியர் வியந்தால், “எல்லாம் அனுபவம்தான்” என்பார்.