சுரங்கம் சொல்லும் பாடம்

கேள்வி: குவார்ட்டர்ஸுக்கு இரண்டு மாத நாய்க்குட்டி வந்திருக்கிறது. கூடமெல்லாம் ஈரம். அடித்தால் திருந்துமா?
- ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: அடிக்கவே அடிக்காதீர்கள். அடிபட்ட குட்டி திருந்தாது. கட்டிலுக்கடியில் ஒளிந்து சிறுநீர் போகக் கற்றுக்கொள்ளும். உங்கள் ஊர்ச் சுரங்கத்தைப் பாருங்கள்! பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்துக்கொண்டேதான் வெட்டுகிறார்கள். பொங்கி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. குட்டிக்கும் அதே கணக்குத்தான். இந்த வயதில் இரண்டு மணி நேரம் தாங்குவதே பெரிது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் தோட்டத்தில் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். சிறுநீர் போனதும், அங்கேயே தட்டிக்கொடுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை தெரு வேண்டாம். ஈரத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். ஃபினாயில் நாய்க்கு நஞ்சு.