முயல் திரும்பி நின்ற மண்

தருவைகுளத்துக் கடலில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பச்சைப்பிள்ளைகூட மீன் பெயரை அடுக்கும். கரைக்காட்டில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பெரியவர்களே தலையைச் சொறிவார்கள். உப்பளத்தைத் தாண்டி உடைமுள் காடு. அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. யோசித்தவன் என் மச்சான்.

அவனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. நடுக்கடலில் பொழுது போகாமல், இங்கிலாந்துக்காரர்கள் ஏர் ரைஃபிளும் நாயுமாகச் சாயங்காலம் முயல் அடிக்கிற வீடியோக்களைப் பார்த்துத் தள்ளியிருக்கிறான். லீவில் வந்த கையோடு ஒரு ஏர் கன் வாங்கிவிட்டான்.

“மாப்ள, ஞாயித்துக்கெழம யாரும் கடலுக்குப் போவ மாட்டாவ. நாம வேட்டைக்குப் போறோம்.”

“மச்சான், வனவிலங்குச் சட்டம் வந்து அம்பது வருசம் ஆச்சு. முயலத் தொட்டா கேஸு.”

“ஏல, இந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம்ல!”

அவன் சொன்னதும் உண்மைதான். குழாய் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் விசை 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் ஏர் கன்னுக்கு உரிமம் கேட்பதில்லை. துப்பாக்கியைச் சும்மா விட்ட அரசாங்கம், 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தில் முயலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கடைசியில் முயலைக் கண்ணால் பார்ப்பது, காலி டப்பாவைத் துப்பாக்கியால் சுடுவது என்று சமரசம் ஆயிற்று. ஆனாலும் ‘வேட்டை’ என்ற பெயரை விட்டுத்தர மாட்டேன் என்று நின்றான்.

நாயின் பெயர் டைகர். பூர்வீகம் சிப்பிப்பாறை என்பான் மச்சான். கரிசல் காட்டில் முயலை ஓடிப் பிடிக்கவென்றே வளர்த்த இனம் அது: ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்மூக்கு. டைகரிடம் இவற்றில் கால் மட்டும் இருந்தது. மீன் ஏலம் போடுகிற இடத்தில் சாளையும் காரலும் தின்று வளர்ந்த வயிறு எப்படி ஒட்டும்? அது அதுவரை விரட்டியதெல்லாம் நண்டுதான்.

மேற்கே நடந்தோம். கச்சான் காற்று முகத்தில் அடித்தது. “காத்து எதுக்க வருது, நம்ம வாடை முயலுக்குப் போவாது” என்றான். கடல்காரன் காற்று விஷயத்தில் தப்பு பண்ண மாட்டான். முயலுக்குப் போகாத வாடை டைகருக்குப் போனது. மச்சானின் தோள்பையில் கருவாடு இருந்தது. வேட்டை நாய் முன்னால் ஓடும் என்பார்கள். எங்கள் நாய் பையை மோந்தபடி பின்னாலேயே வந்தது.

உப்பள வரப்பில் டப்பாவை நிறுத்தி, மச்சான் குழாயை மடக்கினான். ஈயக் குண்டு மிளகு அளவுதான், நடுவில் உடுக்கை மாதிரி இடுப்பு. அது விரலிடுக்கில் நழுவி மணலில் விழ, இருவரும் முட்டிபோட்டுத் தேடினோம்.

இங்கிலாந்து முயலுக்கு வளை உண்டு. அந்தியில் வளைவாசலில் மேய வரும். குறிவைத்துக் காத்திருந்தால் போதும். நம்மூர் முயல் வளை தோண்டாது. புல்லடியில் சின்னப் பள்ளம் பறித்துப் பகலெல்லாம் அசையாமல் கிடக்கும். மிதிக்கப்போனால்தான் எழும். அப்படித்தான் மச்சானின் முட்டிக்கு ஒரு சாண் தள்ளி ஒன்று எழுந்தது. பிடரியில் கறுப்புத் திட்டு. விறைத்த காதுகளுக்குள் சாய்வெயில் புகுந்து ரத்த நரம்பெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது.

டைகர் குரைத்தது. முயல் வலமும் இடமுமாக ஒடித்து ஓடி, சட்டென நின்று, திரும்பிப் பார்த்தது. டைகருக்கு இது புதுசு. நண்டு என்றால் பொந்துக்குள் போய்விடும். முயல் எங்கள் பக்கமாகவே இரண்டு தாவு தாவியது. டைகர் வாலை இடுக்கிக்கொண்டு ஊரைப் பார்த்து எடுத்தது ஓட்டம்.

மச்சான் முகம் செத்துவிட்டது. நான்தான் தேற்றினேன். இங்கே பக்கத்தில்தானே பாஞ்சாலங்குறிச்சி? சாலிகுளம் காட்டில் வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்த, ஓரிடத்தில் முயல் திரும்பி நின்று நாய்களை விரட்ட, இது வீரம் விளைந்த மண் என்று கட்டபொம்மனின் முன்னோர் அங்கே கோட்டை கட்டினார்கள் என்பது கதை. ஹம்பிக்கும் இதே கதைதான். 1411-இல் எழுந்த அகமதாபாத்துக்கும் இதே கதைதான். எனக்கென்னவோ அந்த ராஜாக்களிடமும் டைகர் மாதிரி நாய்கள்தான் இருந்திருக்கும் என்று சந்தேகம். அரண்மனைச் சோறு தின்ற நாய் முயலுக்குப் பயந்து ஓடிற்று என்று ஊரில் சொல்ல முடியுமா? மண்ணைப் புகழ்ந்துவிட்டார்கள்.

மச்சான் ஒன்றும் பேசவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடை பெஞ்சிலிருந்து குரல் வந்தது: “என்னல, நாய் மட்டும் முன்னாடி ஓடி வருது? வேட்டை என்னாச்சு?”

மச்சான் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: “அந்தப் பக்கத்து மண்ணுல ஒரு வீரம் இருக்கு அண்ணாச்சி. அங்க ஒரு சென்ட் நெலம் என்ன வெலைக்குப் போவுது?”