லயத்துத் தொலைக்காட்சியில் நிறமறு: ஒரு முன்னாய்வு

தொலைக்காட்சித் திரையின் ஒரு மூலை மட்டும் கறுத்திருப்பது ஏன்? சப்ரகமுவத் தோட்டங்களில் இதற்கு இரு கொள்கைகள் நிலவுகின்றன. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும் என்பது துடைப்புக் கொள்கை. மழையில் டிஷ் திரும்பிவிட்டது என்பது கூரைக் கொள்கை. இரண்டும் பிழை. ஆயினும், ஒருவர் தகரத்தின் மேலேறி “இப்ப சரியாடா?” என்று கேட்கவும், இஸ்தோப்பிலிருந்து இன்னொருவன் “இல்லண்ணே, இன்னும் கொஞ்சம்!” என்று கத்தவும் வாய்ப்பளிப்பதால், பின்னதற்கே ஆதரவாளர் அதிகம்.

ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய 1982 காலத்துப் படக்குழாய்ப் பெட்டிகளில் நிறக்கேட்டுக்குப் பெரும்பாலும் காந்தமே காரணம். பக்கத்தில் பெரிய ஸ்பீக்கரை வைத்தால் குழாய்க்குள் இருக்கும் துளைத்தகட்டில் காந்தம் ஏறும். சிவப்பில் விழவேண்டிய எலெக்ட்ரோன் பச்சையில் விழும். செய்தி வாசிப்பவரின் ஒரு கன்னம் ஊதாவாகும். பெட்டியைப் போட்டதும் ‘டும்’ என்று கேட்டதே, அது காந்தத்தை நீக்கும் கம்பிச்சுருளின் சத்தம். தலையில் தட்டினால் குணமாகும் என்ற மரபை இவ்வாய்வு ஏற்கவில்லை. உள்ளே ஈயப்பற்று விட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

இன்றைய எல்.சி.டி. திரைக்குக் காந்தபயம் இல்லை. முழு எச்.டி. திரையில் 2,073,600 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கூறுகள். எதற்கும் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னாலிருக்கும் விளக்கொளி சீராகப் பரவாவிட்டால் மூலை கறுக்கும் அல்லது வெளுக்கும், நடுவில் அழுக்குப் பட்டை விழும். செத்த புள்ளிகளைத் தரம் பிரிக்கும் முறையும் ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற சர்வதேச நியமத்தில் உண்டு. லயத்தில் அந்த வேலையைப் பாட்டி பார்க்கிறார்: “அங்கன என்னடா, ஈ ஒக்காந்திருக்கு?”

குறையைக் கண்டுபிடிக்கும் முறையியலுக்கு இரத்தினபுரி மாணிக்க வியாபாரியிடம்தான் போகவேண்டும். நீலக்கல்லில் நிறம் ஓரிடத்தில் திரண்டு மற்ற இடம் வெளுத்திருப்பது சாதாரணம். கெட்டிக்காரப் பட்டைதீட்டி அந்தத் திட்டு அடிநுனியில் வருமாறு வெட்டிவிடுவார். மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நீலம். விவரம் தெரிந்தவர் கல்லைக் கவிழ்த்து, வெள்ளைத் தாளில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்ப்பார். டவுன் டி.வி. கடையில் ஓடும் டெமோவும் இதே தொழில்நுட்பம்தான். கிளியும் மீனும் துள்ளும் இடத்தில் எந்தக் குறை கண்ணில் படும்?

ஆகவே நமக்கு வேண்டிய வெள்ளைத்தாள் கிரிக்கெட். பந்து பவுண்டரிக்கு ஓட, கேமரா அதைத் துரத்த, திரை முழுக்க ஒரே பச்சை. புல் நகரும், திரையின் பட்டை நகராது, நின்ற இடத்திலேயே நிற்கும். வேலைப் பிரட்டுக்கு நேரமாகியும் மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பவரை இனி ஆய்வாளர் என்றே கருதவேண்டும்.

தவணைக்கு எடுத்தாலும் கூச்சப்படாமல், பெட்டியைக் கட்டுவதற்கு முன்னே சொல்லுங்கள்: “முதலாளி, கிளிய நிப்பாட்டிட்டு மேட்ச் ஒன்னப் போடுங்க.” மேட்ச் இல்லாத நாளென்றால் வெறும் சாம்பல் நிறப் படமொன்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். எத்தனை புள்ளி செத்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் கடையிலேயே கேட்டு, வாரன்டி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.