வீட்ல ஏதும் பிரச்சினையா?

சனிக்கிழமை ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ப் பக்கம் மச்சானுடைய மக்காச்சோளக் கொல்லை. ஒரு கூடாரம், இரண்டு நாய்கள், நான். கொடைக்கானல், ஏற்காடு என்று போயிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் போய்ப் படுத்தால் ஊருக்கே பொறுக்காது.

முளைக்குச்சி அடித்து முடிப்பதற்குள் முதல் பைக் வந்து நின்றது. "என்னங்க, வீட்ல ஏதும் பிரச்சினையா?" இல்லை என்றேன். நம்பவில்லை. அவர் போய்ச் சொல்லி, பெரிய மாமா வந்தார். "எதுவானாலும் பேசித் தீத்துக்கலாம் மாப்ள." அவர் பின்னாலேயே ஒன்றுவிட்ட சித்தப்பா: "கடன் கிடன் ஏதாச்சும் ஆயிப்போச்சாப்பா?" அவரோடு வந்த அரியலூர்க்காரர் வேறு கணக்குப் போட்டிருந்தார். சிமெண்ட் கம்பெனிக்காகச் சுண்ணாம்புக்கல் பார்க்க வந்த ஆள் நான் என்று தீர்மானித்து, ஏக்கர் என்ன விலைக்குப் போகும் என்று காதோரம் கேட்டார். அதற்குள் பெரியம்மா தூக்குவாளியில் ரசஞ்சோறும் கையில் ஒரு மப்ளருமாக வந்துவிட்டார். "பனி எறங்குதுடா, தலையில கட்டிக்க." கட்டிக்கொள்ளும் வரை நகரவில்லை. இதற்கிடையே மனைவிக்கு ஏழெட்டுப் பேர் போன் போட்டு, அனுசரித்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு அவள் கூப்பிட்டபோது உண்மையிலேயே பிரச்சினை ஆரம்பமாகியிருந்தது.

நான் எழுத உட்கார்ந்தது சாத்தனூர்க் கல்மரத்தைப் பற்றி. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வயது. இங்கே கடல் இருந்த காலத்தில் அடித்துவரப்பட்டு, கடலடி மண்ணில் புதைந்து கல்லான மரம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னார். அதுவரை நிம்மதியாகப் படுத்திருந்தது என்றால், அன்றைக்கு இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இல்லை, அவ்வளவுதான். இதை விரிவாகச் சொல்லலாம் என்றால், மறுபடியும் ஒரு பைக்.

நாய்களைச் சொல்ல வேண்டும். ஒன்று நாட்டு நாய். இன்னொன்று ராஜபாளையம், 2005இல் அஞ்சல் துறை தபால்தலை போட்டுக் கௌரவித்த இனம். வந்தவர் ஒவ்வொருவரும் பொறை பிஸ்கட் போட்டார்கள். மூன்றாவது ஆளுக்கே குரைப்பு நின்றுபோனது. ஐந்தாவது ஆளை வாலாட்டிக்கொண்டு வரப்பு வரை போய் அழைத்து வந்தன. பத்து மணிக்கு மேல் இரண்டுமே காவல்காரப் பெரியவரின் கீற்றுக் கொட்டகைக்குக் குடிபோய்விட்டன. அங்கே கருவாட்டுக் குழம்பு.

அந்தப் பெரியவர் கதிர் பிடித்த நாளிலிருந்து காட்டுப்பன்றிக்குக் காவலாக அங்கேதான் படுக்கிறார். டார்ச், தகர டப்பா, ஒரு கிழட்டு நாய். அவரிடம் ஒருத்தரும் வீட்டில் பிரச்சினையா என்று கேட்டதில்லை. அவர்தான் என்னிடம் வந்து கேட்டார், "தம்பிக்கு ராக்காவலுக்கு எவ்ளோ குடுக்குறாங்க?" யாரும் கொடுக்கவில்லை, கூடாரத்துக்கு நான்தான் கொடுத்தேன் என்று விலையைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் குழம்பு ஊற்றிக் கொடுத்தார்.

வயலில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், தயவுசெய்து வண்டியை நிறுத்தாதீர்கள். ஹாரனும் வேண்டாம்.